கல்யாண மண்டபத்துல கேமரா பை காணாமல் போனால் இன்சூரன்ஸ் பணம் வருமா? பாலிசி எடுக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

முகூர்த்த நாள். அதிகாலை 4 மணியிலிருந்து மண்டபத்தில் ஷூட் நடக்கிறது. தாலி கட்டும் நேரம் நெருங்கியதும் போட்டோகிராபர், உதவியாளர், லைட்மேன் எல்லோரும் மேடையில். லென்ஸ் பை மட்டும் மணமகள் அறைக்கு வெளியே ஒரு நாற்காலியில் இருக்கிறது. பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், நாற்காலி இருக்கிறது, பை இல்லை.

"இன்சூரன்ஸ் இருக்கே, பார்த்துக்கலாம்" என்று நினைத்தால், அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கையில் இருக்கும் பாலிசியைப் பொறுத்து, இதே சம்பவத்துக்கு முழுப் பணமும் வரலாம், பாதி வரலாம், ஒரு ரூபாய்கூட வராமலும் போகலாம்.

ஒரு ஃபுல்-ஃப்ரேம் கேமரா பாடி, ஒரு 24-70 லென்ஸ், ஒரு 70-200 லென்ஸ், இரண்டு ஃபிளாஷ் என்றாலே பல லட்சம் ரூபாய். பலரும் இதை இ.எம்.ஐ.யில்தான் வாங்குகிறார்கள். கேமரா போனாலும் தவணை நிற்காது. அடுத்த முகூர்த்தத்துக்கு வாங்கிய அட்வான்ஸும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாகிவிடும். அதனால் "எந்த கம்பெனியில் பிரீமியம் கம்மி?" என்பதைவிட, "என் கேமரா எங்கே, எப்படித் தொலையும் அல்லது உடையும்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

எத்தனை வகை பாலிசி இருக்கு?

கேமராவுக்குப் பொருந்தும் என்று சொல்லி விற்கப்படும் பாலிசிகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, வீட்டுக் காப்பீடு. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டு பாலிசியை விற்கின்றன. தீ, புயல், வெள்ளம் போன்றவற்றால் வீட்டுக்கும் வீட்டுப் பொருட்களுக்கும் ஏற்படும் சேதத்துக்கு இது. இதில் திருட்டுக்கு இருக்கும் பாதுகாப்பு ரொம்பக் குறுகியது. வெள்ளம், தீ போன்ற சம்பவம் நடந்து, அதன் விளைவாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டும்தான் அடிப்படை பாலிசியில் வரும். அதோடு, இது குடியிருக்கும் வீட்டுக்கான பாலிசி. சம்பாதிக்கப் பயன்படுத்தும் கேமராவை 'வீட்டுப் பொருள்' என்று ஏற்பார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் இதை நம்பக் கூடாது.

இரண்டாவது, ஸ்டூடியோ அல்லது கடைக்கான பாலிசி. ஒரே இடத்தில் 5 கோடி ரூபாய் வரை சொத்து மதிப்புள்ள சிறு தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' இருக்கிறது. ஸ்டூடியோவில் தீ, புயல், வெள்ளம் வந்தால் இது கை கொடுக்கும். ஆனால் இதுவும் பாலிசியில் எழுதியிருக்கும் முகவரிக்கான பாதுகாப்பு. மண்டபத்துக்கு எடுத்துப் போன கேமரா இதில் அடங்காது. இதோடு 'பர்க்ளரி' என்ற கொள்ளைத் திருட்டு பாலிசியைத் தனியாகச் சேர்ப்பார்கள்.

மூன்றாவது, எலக்ட்ரானிக் எக்விப்மென்ட் இன்சூரன்ஸ். ஸ்டூடியோவில் இருக்கும் எடிட்டிங் கம்ப்யூட்டர், மானிட்டர், பிரிண்டர் போன்றவற்றுக்கு இது நன்றாகப் பொருந்தும். வெளியே எடுத்துப் போகும் சாதனங்களுக்கு, 'போர்ட்டபிள்' சாதனங்களுக்கான கூடுதல் பாதுகாப்பை இதில் கேட்டுச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் கேமரா ஸ்டூடியோவை விட்டு வெளியே போனதும் பாதுகாப்பும் முடிந்துவிடும்.

நான்காவது, 'ஆல் ரிஸ்க்' பாலிசி. எடுத்துச் செல்லும் பொருட்களுக்காகவே உள்ளது. கை தவறி விழுவது, தண்ணீரில் விழுவது, பயணத்தில் திருடு போவது எல்லாம் இதில் வர வாய்ப்பு அதிகம். ஊர் ஊராகப் போய் கல்யாணம் எடுப்பவர்களுக்கு முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். ஆனால் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 'ஆல் ரிஸ்க்' என்றால் 'விலக்கு என்று எழுதியதைத் தவிர மற்ற எல்லாம்' என்று பொருள். அந்த விலக்குப் பட்டியல்தான் பாலிசியின் உயிர்நாடி.

கடையில் கேமரா வாங்கும்போது கொடுக்கும் வாரண்டி இதில் எதுவுமே இல்லை. அது தயாரிப்புக் குறைக்கு மட்டும். கீழே விழுந்தாலோ திருடு போனாலோ வாரண்டி கார்டால் பயனில்லை.

'திருட்டு' என்றால் எந்தத் திருட்டு?

சாதாரணமாக நாம் எல்லாவற்றையும் 'திருட்டு' என்றே சொல்கிறோம். பாலிசிக்கு அப்படி இல்லை.

பர்க்ளரி பாலிசியில், பூட்டை உடைத்தோ, கதவை நெம்பியோ, ஆளை மிரட்டியோ, பலத்தைப் பயன்படுத்தி நடந்த திருட்டுக்குத்தான் பணம். இது வெறும் ஏட்டு விதி கிடையாது. 2004-ல் ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. பொருள் திருடு போனது பற்றிப் புகார் இருந்தும், பலப்பிரயோகம் நடந்ததாக எதுவும் இல்லை, பாலிசியின் வரையறை அதைக் கேட்கிறது, எனவே காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று தீர்ப்பு வந்தது. பாலிசியில் என்ன வார்த்தை இருக்கிறதோ அதன்படிதான் எல்லாம் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

இப்போ மண்டபத்து நாற்காலிக்கு வருவோம். யாரும் எதையும் உடைக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போய்விட்டார்கள். பர்க்ளரி பாலிசி மட்டும் இருந்தால் க்ளைம் நிற்காது. திருட்டை வரையறை இல்லாமல் முழுதாக ஏற்கும் ஆல் ரிஸ்க் பாலிசி இருந்தால் வாய்ப்பு உண்டு. அதிலும், 'கவனிப்பாரின்றி விட்ட பொருள்' என்று ஒரு விலக்கு இருந்தால் மறுபடியும் சிக்கல்தான். 'எப்படிப் போனது என்றே தெரியாமல் காணாமல் போனது' என்பதும் பல பாலிசிகளில் விலக்கு. எந்த இடத்தில், எந்த நேரத்துக்குள் போனது என்று சொல்ல முடியாவிட்டால் இந்த விலக்கில் மாட்டிக்கொள்ள நேரிடும்.

வாடகைக்கு விடுபவர்களுக்கு இன்னொரு ஆபத்து. ஒருவர் ஆதார் நகல் கொடுத்து, இரண்டு நாள் வாடகைக்கு கேமரா எடுத்துப் போகிறார். திரும்பி வரவே இல்லை. நம் பார்வையில் இது திருட்டு. சட்டத்தின் பார்வையில், பொருளை நாமே நம்பிக் கொடுத்திருக்கிறோம். பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்குப் பிரிவு 303, நம்பிக்கை மோசடிக்குப் பிரிவு 316, ஏமாற்றுதலுக்குப் பிரிவு 318. எஃப்.ஐ.ஆரில் 316 அல்லது 318 என்று இருந்தால், 'இது திருட்டே இல்லை' என்று நிறுவனம் சொல்ல இடம் உண்டு. வாடகைத் தொழில் செய்பவர்கள், வாடகைக்கு விடும்போதும் பாதுகாப்பு உண்டா, எடுத்தவர் திருப்பித் தராவிட்டால் என்ன என்ற இரண்டையும் பாலிசி எடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். சொந்த ஊழியரே எடுத்துப் போனால் அதற்கு 'ஃபிடெலிட்டி கேரண்டி' என்ற தனி பாலிசி தேவைப்படும்.

க்ளைம் கிடைக்கணும் என்பதற்காக நடந்ததை மாற்றிச் சொல்வது மட்டும் வேண்டாம். மண்டபத்து சிசிடிவி காட்சி ஒன்று போதும், க்ளைமும் போய் வழக்கும் வந்து சேரும்.

காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால்?

வெளியூர் ஷூட் முடிந்து திரும்பும்போது ஹைவே ஓட்டலில் காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவது எல்லோரும் செய்வதுதான். காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, அதனால் உள்ளே இருக்கும் பொருளுக்கும் பாதுகாப்பு உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். கார் பாலிசி காருக்குத்தான். உள்ளே இருக்கும் கேமராவுக்கு இல்லை. சொந்தப் பொருட்களுக்கான ஆட்-ஆன் எடுத்திருந்தாலும் அதன் தொகைக்கு வரம்பு இருக்கும், தொழில் கருவிகளுக்கு விலக்கும் இருக்கலாம்.

கேமரா பாலிசியிலும் 'ஆள் இல்லாத வாகனம்' என்பது முக்கியமான வரி. சில பாலிசிகளில் முழு விலக்கு. சிலவற்றில், கார் பூட்டியிருந்து, கண்ணாடி ஏற்றியிருந்து, பை டிக்கியில் வெளியே தெரியாமல் இருந்தால் மட்டும் பணம். கண்ணாடி உடைந்த படம், பணிமனை பில் எல்லாம் அப்போது ஆதாரமாகும். பின் சீட்டில் பையைப் போட்டுவிட்டுப் போனால் வாதாடுவது கஷ்டம்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது?

பிரீமியத்தை மிச்சம் பிடிக்க, தொகையைக் குறைத்துக் காட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. கணக்கு இதுதான்.

உங்களிடம் உள்ள மொத்தச் சாதனங்களையும் இன்று புதிதாக வாங்க 8 லட்சம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 4 லட்சத்துக்கு மட்டும் மொத்தமாக பாலிசி எடுத்திருக்கிறீர்கள். 2 லட்சம் ரூபாய் லென்ஸ் ஒன்று போய்விடுகிறது. "4 லட்சத்துக்கு எடுத்திருக்கோமே, 2 லட்சம் முழுசா வரும்" என்று நினைப்போம். பாலிசியில் 'ஆவரேஜ்' விதி இருந்தால், பாதி மதிப்புக்கு எடுத்ததால் இழப்பிலும் பாதிதான், அதாவது 1 லட்சம்தான் கணக்கில் வரும். அதிலிருந்தும் 'எக்ஸஸ்' என்ற தொகையைக் கழிப்பார்கள். ஒவ்வொரு க்ளைமிலும் நாம் ஏற்க வேண்டிய பங்கு அது.

அடுத்தது தேய்மானம். மூன்று வருடம் பழைய கேமரா முழுவதும் போய்விட்டால், புதிய கேமராவின் விலை தருவார்களா, பழையதன் இன்றைய மதிப்பைத் தருவார்களா? எலக்ட்ரானிக் எக்விப்மென்ட் பாலிசியில் பொதுவாக, ரிப்பேர் செய்யக்கூடிய சேதம் என்றால் சரி செய்யும் செலவு, முழு இழப்பு என்றால் தேய்மானம் கழித்த மதிப்பு. பிரீமியம் மட்டும் புதிய விலைக்குக் கட்டியிருப்போம். இதை முன்பே தெரிந்துகொண்டால் பின்னால் அதிர்ச்சி இருக்காது.

ஒவ்வொரு பாடி, லென்ஸ், ஃபிளாஷையும் சீரியல் எண்ணோடு, தனித்தனி மதிப்போடு பாலிசியில் எழுத வைப்பது நல்லது. இடையில் புது லென்ஸ் வாங்கினால் அதையும் உடனே சேர்க்க வேண்டும். பட்டியலில் இல்லாத பொருளுக்கு பணம் கேட்க முடியாது. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் விற்றவரிடம் தேதி, சீரியல் எண், தொகையோடு எழுதி வாங்கி, பணத்தை வங்கி அல்லது யு.பி.ஐ. வழியாகக் கொடுப்பது பாதுகாப்பு. 'இது உங்க கேமரா என்பதற்கு என்ன ஆதாரம்?' என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

பிரீமியத்தோடு 18% ஜி.எஸ்.டி. சேரும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்குத்தான். கேமரா பாலிசிக்கு அந்தச் சலுகை கிடையாது.

மழை, வெள்ளம், கடற்கரை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வீடுகளும் கடைகளும் மூழ்கின. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள் வடகிழக்குப் பருவமழையோடுதான் வருகின்றன. ஸ்டூடியோ தரைத்தளத்தில் இருந்தால் வெள்ளப் பாதுகாப்பு கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று. புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஓடிப் போய் பாலிசி எடுக்கலாம் என்று காத்திருப்பது ஆபத்து. பிரீமியம் கட்டிய பிறகுதான் பாதுகாப்பு தொடங்கும்.

திடீர் வெள்ளம் வேறு, மெதுவாக வரும் பாதிப்பு வேறு. லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது, கடற்கரை ஷூட்டின் உப்புக் காற்றில் துருப்பிடிப்பது, ஷட்டர் தேய்ந்து போவது எல்லாம் 'தேய்மானம்' என்று விலக்கப்படும். அலையில் கேமரா விழுந்தது என்றால் அது விபத்து. அதையும் ஏற்கிறார்களா என்று 'தண்ணீர் சேதம்' வரியில் பார்க்க வேண்டும்.

ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கு

ட்ரோனை கேமரா பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் போதாது. பறக்கும் சாதனங்களைப் பல கேமரா பாலிசிகள் விலக்குகின்றன. 2021 ட்ரோன் விதிகளின்படி, 250 கிராம் வரை எடையுள்ள நானோ ட்ரோன்களைத் தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடு அவசியம். அது ட்ரோன் விழுந்து மற்றவருக்கு அடிபட்டால் தரும் இழப்பீட்டுக்கு. ட்ரோனே நொறுங்கினால் அதற்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும். பதிவு எண் இல்லாமலோ, தடை செய்யப்பட்ட பகுதியிலோ பறக்கவிட்டால் க்ளைம் நிராகரிக்கப்பட அதுவே காரணமாகிவிடும்.

படங்கள் போனால்?

மெமரி கார்டு திருடு போனால் கார்டின் விலை கிடைக்கலாம். அதில் இருந்த தாலி கட்டும் காட்சிக்கு கேமரா பாலிசி பணம் தராது. ஆனால் படம் வரவில்லை என்று வாடிக்கையாளர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியும். இந்தப் பொறுப்புக்குத் தொழில்முறை இழப்பீட்டு பாலிசி தனியாக இருக்கிறது. காசு செலவில்லாத வழி, இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிவு செய்வதும், ஒரு கார்டை பையில் வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதும்தான்.

திருடு போனால் முதல் நாளில் என்ன செய்யணும்?

முதலில் மண்டப நிர்வாகத்திடம் சொல்லி சிசிடிவி பதிவை அழியாமல் வைக்கச் சொல்ல வேண்டும். அடுத்தது போலீஸ் புகார். வெளியூரில் நடந்திருந்தாலும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173-ன்படி எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு முறையில் கொடுத்தால் மூன்று நாட்களுக்குள் நேரில் போய் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுவிடாமல் எஃப்.ஐ.ஆர். கேட்டு வாங்குவது முக்கியம். அதில் எல்லாச் சாதனங்களின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். பாடியின் எண் நினைவில் இல்லையென்றால், பழைய படங்களின் எக்ஸிஃப் தகவலைப் பார்த்தால் பல கேமராக்களில் அது பதிவாகியிருக்கும்.

அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் போனில் சொல்லி, இ-மெயிலும் அனுப்பிவிட வேண்டும். 2020-ல் ஒரு வாகனத் திருட்டு வழக்கில், போலீஸில் உடனே புகார் செய்திருந்தால் நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் வைத்து நிராகரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்காகத் தாமதிக்க வேண்டியதில்லை.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 ஜூன் சுற்றறிக்கைப்படி, தகவல் வந்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும். 15 நாட்களில் அவர் அறிக்கை தர வேண்டும். அறிக்கை வந்த 7 நாட்களில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். உடைந்த கேமராவாக இருந்தால் சர்வேயர் பார்க்கும் முன் ரிப்பேருக்குக் கொடுத்துவிடக் கூடாது.

க்ளைமை மறுத்துவிட்டால்?

எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' இணையதளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. தனிநபர்களோடு, தனி உரிமையாளர் தொழில்களும் குறுந்தொழில்களும் இங்கே வரலாம். நிறுவனத்தின் மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

யாருக்கு எது?

பொழுதுபோக்குக்காக ஒரு கேமரா வைத்திருப்பவர், வீட்டு பாலிசியோடு கேமராவுக்கு மட்டும் ஆல் ரிஸ்க் பாதுகாப்பைச் சேர்க்க முடியுமா என்று கேட்கலாம். ஊர் ஊராகப் போகும் கல்யாண போட்டோகிராபருக்கு, 'ஆள் இல்லாத வாகனம்', 'பலப்பிரயோகம்' ஆகிய இரண்டு வரிகளையும் படித்துப் பார்த்து எடுத்த ஆல் ரிஸ்க் பாலிசிதான் அடிப்படை. ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கு அதோடு கடைக்கான பாலிசியும் வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை கல்யாணங்களுக்குப் போகிறவர்கள், பாதுகாப்பு இந்தியாவுக்குள் மட்டுமா, வெளிநாட்டுக்கும் உண்டா என்று பார்த்து, கிளம்பும் முன்பே நீட்டித்துக்கொள்ள வேண்டும்.

ஏஜென்ட் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று சொன்னால், ஒரே ஒரு இ-மெயில் அனுப்பிக் கேளுங்கள்: 'கல்யாண மண்டபத்தில், எந்தப் பூட்டும் உடைக்கப்படாமல், நாற்காலியில் வைத்த கேமரா பை திருடு போனால் இந்த பாலிசியில் பணம் கிடைக்குமா? எந்த விதியின் கீழ்?' நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வரும் பதிலைப் பார்த்துவிட்டு பிரீமியம் கட்டுங்கள்.